கோடியக்காட்டில் உட்காரக் கற்றேன்

எங்கள் ஆயக்காரன்புலத்துப் பக்கம் கோடியக்கரை என்றால் அமாவாசைதான். தை, ஆடி இரண்டுக்கும் விடியுமுன்னே பேருந்தில் நெருக்கியடித்துப் போய், ஆதிசேதுவில் மூன்று முழுக்குப் போட்டு, ஈர வேட்டியோடு திரும்பிவிடுவோம். வழியில் இருபுறமும் காடு வரும். சன்னலோரம் கிடைத்தால் மான் தெரியுமா என்று பார்ப்பேன். தெரியாது. "அதெல்லாம் உன்னயப் பாத்துக்கிட்டுத்தான்டா இருக்கும், நீ பேசாம வா" என்பார் அத்தை. அவர் விளையாட்டாகச் சொன்னது உண்மை என்று புரிய எனக்கு முப்பது வயது ஆகவேண்டியிருந்தது.

அதற்குள் பலரை அழைத்துப்போய் ஏமாற வைத்திருக்கிறேன். சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் வண்டியை விட்டு இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "காடு எப்ப வரும்?" என்று கேட்டார். வந்து கால்மணி நேரம் ஆகியிருந்தது. அவர்மேல் தப்பில்லை. ஆனைமலையையும் முதுமலையையும் மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவருக்கு இது புதர்க்காடாகத்தான் தெரியும். நிமிர்ந்து பார்க்க மரமில்லை. குனிந்து பார்க்கத்தான் மரம்.

எனவே போகுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலார் சொல்லும் வகை இது. சோழமண்டலக் கரை நெடுக ஒருகாலத்தில் இருந்து, இன்று துண்டு துண்டாக, பெரும்பாலும் அய்யனார் கோயில் காடுகளாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை, அப்புறம் கொஞ்சம் மார்கழி. மீதி மாதமெல்லாம் வெயிலும் உப்புக்காற்றும்தான். ஆனாலும் இலை உதிர்வதில்லை. இலையைக் கிள்ளிப் பார்த்தால் காரணம் தெரியும்: சின்னது, தடித்தது, தோல் மாதிரி இருக்கும். பாலை, வீரை, காசா, நாவல், இடையிடையே களா, சூரை, இசங்கு என்று ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும். காற்று அடித்து அடித்துத் தலை மட்டமாகிப்போன மரங்கள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கிற ஒரு பாலை மரத்துக்கு என் தாத்தாவைவிட வயது அதிகமாக இருக்கலாம்.

அந்தப் பாலைக்காகவே ஒருமுறை கோடையில் போங்கள். வேப்பம்பழம் அளவில் மஞ்சள் பழம். சப்போட்டாவுக்கு உறவுமரம், ருசியிலும் அந்தச் சாயல் உண்டு. நாலைந்து தின்றால் பால் பட்டு உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பேச்சு நின்றுபோகும். (பேசிக்கொண்டே வருகிற கூட்டாளிகளுக்கு நான் தாராளமாக வாங்கித் தருவேன்.) சரணாலயத்துக்குள் பறிக்கக் கூடாது. ஊருக்குள் நிற்கிற மரத்துப் பழம் என்று சொல்லி விற்பவர்களிடம் வாங்கலாம்.

எனக்குக் காட்டைக் காட்டிக் கொடுத்தவர் கோடியக்காட்டில் ஆடு மேய்த்த ஓர் ஆச்சி. ஒரு மாசி மாதம், தோளில் கேமராவும் கையில் பைனாகுலருமாக இரண்டு மணி நேரம் பாதை நெடுக நடந்து, ஒரு மானின் பின்பக்கத்தைக்கூடப் பார்க்காமல் சலித்துப்போய், காட்டோரத் தடத்தில் நின்றிருந்தேன். ஆச்சி கேட்டார்: "எதத் தொலச்ச தம்பி, இந்த நட நடக்குற?"

"மான் பாக்கணும் ஆச்சி."

"நடந்தா எப்புடிப் பாப்ப? நீ நடந்தா அது ஓடும். உக்காரு. அது வரும்."

எங்கே உட்காருவது என்றேன். காடு முடிந்து புல்வெளி தொடங்குகிற ஓரத்தைக் கையால் காட்டினார். நிழல் உன் மேல் இருக்கணும், வெளிச்சம் அதன் மேல் இருக்கணும். காற்று அங்கிருந்து உன் பக்கம் வரணும். அவ்வளவுதான் அவர் நடத்திய பாடம். இருபது ஆண்டுகளாக இதற்குமேல் ஒரு வரி சேர்க்க எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் அரைமணி நேரம் சும்மா போகும். எறும்பு ஏறும், கால் மரத்துப்போகும், இது வீண்வேலை என்று தோன்றும். அதைத் தாண்டினால், நீங்கள் வந்தபோது அடங்கிப்போன குரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பும். முதலில் தவிட்டுக்குருவிகள், பிறகு கொண்டைக்குருவி. அன்று எனக்கு ஒரு மணி நேரம் கழித்து, புல்லின் நிறத்திலேயே ஏதோ அசைந்தது. பெட்டை வெளிமான்கள், ஏழோ எட்டோ. அவற்றுக்குப் பின்னால் முதுகு கறுத்து வயிறு வெளுத்த ஓர் ஆண், திருகுக் கொம்பைப் பின்னால் சாய்த்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு, ஊர்ப் பெரியதனக்காரர் மாதிரி நடந்து வந்தது. கேமராவை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஓடியிருக்கும் என்பது ஒரு காரணம். கை நடுங்கியது இன்னொன்று.

1967இல் இந்த இடத்தைச் சரணாலயமாக அறிவித்ததே முக்கியமாக இந்த வெளிமானுக்காகத்தான். பெயரிலேயே இருக்கிறது, அது வெளியில் வாழும் மான். தூரத்தில் வருவது தெரிந்தால்தான் ஓடிப் பிழைக்க முடியும் என்பதால் அடர்ந்த காட்டுக்குள் ஒதுங்காது, திறந்த புல்வெளியில்தான் மேயும். புள்ளிமானோ புதர் ஓரத்தை விரும்பும். இந்த வித்தியாசம் தெரியாமல் காட்டுக்குள் தேடித்தான் நான் அத்தனை வருஷம் வீணாக்கினேன். கொம்பை வைத்தும் பிரித்துச் சொல்லலாம். புள்ளிமானுக்குக் கிளைக்கொம்பு, விழுந்து முளைக்கும். வெளிமானுக்குக் கிளையில்லாத திருகுக் கொம்பு, விழாது.

குதிரைகளையும் பார்ப்பீர்கள். மட்டக்குதிரைகள். எப்போதோ வீட்டுக் குதிரைகளாக இருந்து காட்டோடு போனவற்றின் வாரிசுகள். படத்துக்கு அழகாகத்தான் நிற்கும். ஆனால் அவையும் ஊர் மாடுகளும் சீமைக் கருவேலங்காயை ஆசையாகத் தின்று, விதையைச் சாணத்தோடு புல்வெளியெங்கும் போட்டுவிடுகின்றன. கருவேலம் முளைத்த இடம் வெளியாக இருப்பதில்லை. வெளி போனால் வெளிமானுக்கு அங்கே என்ன வேலை? நான் முதலில் உட்கார்ந்த அந்த ஓரத்திலிருந்து இப்போது பாதி தூரம்கூடப் பார்வை போவதில்லை. அதே கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து என் குதிகாலில் ஏறி, எடுத்த பிறகும் ஒரு வாரம் நொண்ட வைத்தது. தடித்த அடியுள்ள காலணி இல்லாமல் போகாதீர்கள். முழுக்கால் சட்டை போடுங்கள். வீடு திரும்பிக் குளிக்கும்போது கணுக்கால், முட்டி மடிப்பு, இடுப்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

குரங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாலிதீன் பை சலசலத்தால் அது உங்களுடையது இல்லை.

சேற்றைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் கோடிக்கரைச் சேற்றில் சிக்கிக்கொள்வதும் பூங்குழலி அவனைக் காப்பாற்றுவதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். நானும் படித்தவன்தான், கதை என்று நினைத்துவிட்டேன். ஒரு மார்கழிக் கடைசியில், தூரத்து நீர்ப்பரப்பில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. பூநாரைக் கூட்டம். கிட்டப் போய்ப் பார்க்கும் ஆசையில் சதுப்பில் இறங்கினேன். மேலே வெயிலில் காய்ந்து, வெடித்து, உப்புப் பூத்துக் கெட்டியாகத்தான் இருந்தது தரை. ஐம்பது அடி தாங்கியது, ஐம்பத்தோராவது அடியில் முழங்கால்வரை போய்விட்டது. ஒரு காலை இழுத்தால் மற்றது இறங்கியது. பூங்குழலி யாரும் வரவில்லை. கடைசியில் மல்லாந்து சாய்ந்து, பாரத்தை முதுகுக்குக் கொடுத்து, காலை மெல்ல மெல்ல உருவிக்கொண்டு, வந்த தடத்திலேயே தவழ்ந்து கரையேறினேன். ஒரு காலணி இன்னும் அங்கேதான் இருக்கிறது. பூநாரைகள் தலைகீழாக அலகை நீரில் நுழைத்துத் தம் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன. வரப்பிலிருந்தும் பாதையிலிருந்தும் பாருங்கள், போதும். கார்த்திகை முதல் மாசி வரை உள்ளான்களும் ஆலாக்களும் வரப்புக்குக் கிட்டவே வந்து மேயும். 2002இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இந்தச் சதுப்பு சேர்ந்ததற்கு இந்தப் பறவைகளும் ஒரு காரணம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இங்கேதான் கரையேறியது. எங்கள் ஊரில் தென்னை, மா எதுவும் நிற்கவில்லை. எங்கள் பாட்டைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது. கொஞ்ச நாள் கழித்துக் காட்டுப்பக்கம் போனபோது, தீப்பிடித்து எரிந்த மாதிரி இலையெல்லாம் பழுப்பாகக் கருகியிருந்தது. மான்கள் செத்துக் கரையொதுங்கியதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். இனி இந்தக் காடு அவ்வளவுதான் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த மழைக்கு, சாய்ந்த மரங்களின் அடியிலிருந்து தளிர் விட்டது. அதிலிருந்து நான் காட்டுக்கு ஆரூடம் சொல்வதில்லை.

காட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள் என்பது என் கட்சி. நாள் முழுக்க இருங்கள். இராமர் பாதம் ஏறிப் பாருங்கள். இராமர் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தார் என்பது ஐதிகம். காட்டிலேயே உயரமான மேடு அது. உயரம் என்றால் ஒரு மாடி வீட்டளவுதான். ஆனால் இந்தத் தட்டை நிலத்தில் அந்த உயரமே காட்டின் தலையையும் அதற்கப்பால் சதுப்பையும் காட்டிவிடும். கோடியக்காட்டுக் குழகர் கோயிலில் கொஞ்ச நேரம் இருங்கள். சுந்தரர் இங்கே வந்து, கடற்காற்று அடிக்கிற இந்தக் கரையில் துணையில்லாமல் தனியாக இருக்கிறீரே என்று இறைவனுக்காக இரங்கிப் பாடியிருக்கிறார். நடுப்பகலில் ஆளில்லாத பிரகாரத்தில் நின்றால் அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று விளங்கும்.

பிறகு உப்பளம். வேதாரண்யம் வட்டாரத்தில் ஏறத்தாழ 9,000 ஏக்கரில் உப்பு விளைகிறது. தை, மாசியில் பாத்தி கட்டத் தொடங்கி, மழை இறங்கும்வரை வாரிக்கொண்டே இருப்பார்கள். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து இராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகத்துக்குப் புறப்பட்டு நடந்து வந்தவர்கள் அதே மாதம் 30ஆம் தேதி உப்பு அள்ளியது அகஸ்தியம்பள்ளியில்தான். நினைவுத் தூண் நிற்கிறது. உச்சி வெயிலில் அந்தப் பாத்திகளின் ஓரம் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கண் கூசி, தலை சுற்றும். உப்பு வாருகிற அக்காமார்கள் காலை வெள்ளனவே வந்து வெயிலேறுமுன் வேலையை முடிக்கப் பார்ப்பது ஏன் என்று தெரிந்துகொள்வீர்கள்.

வடக்கே கொஞ்சம் நகர்ந்தால் எங்கள் 'புலம்' ஊர்கள்: ஆயக்காரன்புலம், கருப்பம்புலம், தென்னம்புலம். எல்லாம் மணல் மேடு. உப்பளத்துக்கு இவ்வளவு பக்கத்தில் முல்லைக் கொல்லையும் மாந்தோப்பும் எப்படி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலிருக்கும் உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர். பேராசைப்பட்டு ஆழத் துளையிட்டால் உப்பு. அதனால்தான் எங்கள் பெரியவர்கள் கொல்லைக்குக் கொல்லை குட்டை வெட்டி, குடத்தில் மொண்டு ஊற்றினார்கள். காட்டுப் பாலை மரமும் வேரை விடுவது இதே தண்ணீரை நம்பித்தான். விடியற்காலையில் முல்லை பறிக்கிற நேரத்துக்கு வந்தால் ஊரே மணக்கும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கோடியக்கரை வனத்துறை அலுவலகத்தில் நுழைவுச்சீட்டு வாங்குங்கள். எங்கே நடக்கலாம், எங்கே கூடாது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை நான்குக்கு மேல், இவை இரண்டும்தான் நேரம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். கூட்டமாகப் போனால் ஒன்றும் தெரியாது. மூன்று பேருக்கு மேல் வேண்டாம். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கிற பழக்கம் இப்போது பரவியிருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். தன் எல்லைக்குள் வேறோர் ஆண் வந்துவிட்டது என்று நம்பி, மேய்ச்சலை விட்டுவிட்டு அந்தப் பறவை பறந்து பறந்து அலையும்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வரும் ரயில் அகஸ்தியம்பள்ளியோடு நின்றுவிடும். அங்கிருந்தோ வேதாரண்யத்திலிருந்தோ சாலை வழிதான். இறங்கும்போதே நடத்துநரிடம் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து பழகிவிட்டால் நேரம் போவது தெரியாது. நான் இரண்டு தடவை தவறவிட்டு, மீன் வண்டியில் ஊர் வந்து சேர்ந்திருக்கிறேன்.