குளக்கரைப் பாதுகாப்பு

மாஞ்சோலைச் சரிவில் பெய்யும் மழை மணிமுத்தாற்றின் வழியே தாமிரபரணியை அடைகிறது. அந்நீர் அணைக்கட்டுகளாலும் கால்வாய்களாலும் குளங்களில் நிரம்பிப் பிசானப் பயிரைக் காக்கின்றது. இக்குளங்களைத் தாங்குவது மண்கரையே. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் குளங்கள் பல உடைந்தன.

மண்கரைக்குச் சத்துருக்கள் இரண்டு. ஒன்று, கரைமேல் வழியும் நீர். அது வெளிச்சரிவை அரித்து விரைவில் கரையை உடைக்கும். ஆதலின் மறுகாலை மண்மூட்டையிட்டு உயர்த்தி அதிக நீர் தேக்குதல் ஆகாது. சில அங்குல நீருக்கு ஆசைப்பட்டுக் குளம் முழுவதையும் இழக்க நேரும்.

மற்றொன்று, கரையினுள் ஊறும் நீர். எலி, நண்டு வளைகளும் மட்கிய வேர்களும் அதற்கு வழியாகும். கசிவு தெளிந்திருப்பின் தினமும் கவனித்து வருதல் வேண்டும். கலங்கி வருமாயின் கரைமண் கரைகிறதென்று அறிக. அதன் வாயைக் களிமண்ணால் அடைத்தல் தவறு. நீர் வேறிடத்தில் பீறிடும். சுற்றிலும் மணல்மூட்டை அடுக்கி, உள்ளே பருமணலும் அதன்மேல் சரளையும் பரப்பினால், நீர் வெளியேறும், மண் தங்கும். உடனே மடையைத் திறந்து நீர்மட்டத்தைக் குறைத்து, அதிகாரிகளுக்கு அறிவித்தல் அவசியம்.

ஐப்பசி மழைக்கு முன் ஆயக்கட்டுதாரர்கள் கூடி, மறுகாலைத் துப்புரவு செய்து, கரை முழுவதையும் ஒருமுறை நடந்து பார்ப்பார்களாக.