எவர்சில்வர் வாங்கக் காந்தம் மட்டும் போதாது

உதியன்குளங்கரைக்காரர்கள் கல்யாணத்துக்கோ பால்காய்ச்சுக்கோ பாத்திரம் எடுக்க நெய்யாற்றின்கரைக்குப் போவார்கள், இல்லையென்றால் எல்லை தாண்டி மார்த்தாண்டத்துக்கு. சிலர் கையில் காந்தமும் கொண்டுபோகிறார்கள். ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர், ஒட்டினால் மட்டம் என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

உயர்ந்த ரகமான 304-ல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும், காந்தம் ஒட்டாது. நிக்கல் விலை அதிகம். அதனால் அதைக் குறைத்து மாங்கனீசு சேர்த்துச் செய்வதுதான் 200 வரிசை. 202, ஜே4 எல்லாம் அந்த வகை. இவற்றிலும் காந்தம் ஒட்டாது! நேர்மாறாக, இண்டக்‌ஷன் அடுப்புக்கான தரமான பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டியே ஆகவேண்டும். அதற்காகவே அங்கே 430 ரகத் தகடு வைக்கிறார்கள்.

ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது ரகம். 304 என்று சொன்னால் அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடியில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 14756 என்ற எண்ணும் உண்டா என்று பாருங்கள். ஸ்டீல் பாத்திரங்களுக்கு இந்த முத்திரையைக் கட்டாயமாக்கி 2024-ல் மத்திய அரசு ஆணை போட்டிருக்கிறது. மீன்குழம்பும் புளிக்கறியும் வைக்கிற பாத்திரத்தில் ரகத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம். உப்பும் புளியும் தேங்கினால் மட்ட ரகத்தில் ஊசிமுனை போலக் குழி விழும். டம்ளரும் தட்டும் 202-ல் இருந்தால் பெரிய குற்றமில்லை.

அடுத்தது கனம். பாத்திரம் செய்யும் விதம் தெரிந்தால் எங்கே கைவைத்துப் பார்ப்பது என்று புரியும். 1981-ல் இயங்கத் தொடங்கிய சேலம் உருக்காலை போன்ற ஆலைகளிலிருந்து தகடு சுருளாக வருகிறது. பட்டறையில் அதை வட்டமாக வெட்டி, அச்சில் வைத்துப் பிரஸ்ஸால் அழுத்தி இழுக்கிறார்கள். ஆழமான சருவம் ஒரே இழுப்பில் வராது. இழுத்து இறுகிய தகட்டை உலையில் காய்ச்சி இளக்கி, மறுபடி இழுக்க வேண்டும். இப்படி இழுக்கும்போது அடிப்பகுதி ஏறக்குறைய பழைய கனத்திலேயே நிற்கும், பக்கம் மெலியும். மிக அதிகமாக மெலிவது அடியும் பக்கமும் சேருகிற வளைவில். பெருவிரலால் அந்த வளைவையும் அதற்குச் சற்று மேலேயும் அழுத்துங்கள். உள்ளே போய்த் திரும்பினால் அந்தப் பாத்திரம் வேண்டாம்.

தகட்டின் கனத்தைக் கேஜில் சொல்வார்கள். எண் கூடினால் கனம் குறைவு: 22 கேஜ் என்றால் சுமார் 0.7 மில்லிமீட்டர், 18 என்றால் 1.2. ஒரே அளவுள்ள இரண்டைத் தராசில் வைத்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

அடி பிடிக்காமல் சமைக்க ஸ்டீல் மட்டும் போதாது, அது சூட்டைச் சரியாகப் பரப்பாது. அடியில் அலுமினியத் தகடு பொதிந்ததையோ, பக்கம் முழுக்க ஸ்டீல்-அலுமினியம்-ஸ்டீல் என்று மூன்றடுக்காக உள்ளதையோ எடுங்கள். செம்பு அடி பார்க்க அழகு. ஆனால் பல பாத்திரங்களில் அது மெல்லிய பூச்சுதான், அதற்கென்று கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். மடித்த விளிம்பில் இடைவெளி இருந்தால் தண்ணீர் தங்கி அழுக்கும் துருவும் சேரும். கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பற்றவைத்த புள்ளிகள் அசையக் கூடாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் உள்ளே தேய்த்தால் கறுப்பாக வரும். அது பாலிஷ் போட்ட மசி. துணியில் கறுப்பு வராதவரை துடைத்து, வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவுங்கள். மரச்சீனி வேகவைக்கும்போது உப்பைத் தண்ணீர் கொதித்த பிறகு போட்டுக் கலக்கிவிடுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டால் உப்பு அடியில் படிந்து, நல்ல ரகத்தில்கூடப் புள்ளி விழ வைக்கும்.