ஸ்டாப்வாட்ச் முள் தடுமாறுகிறதா?

பக்கவாட்டில் இரண்டு பட்டன் வைத்த மெக்கானிக்கல் வாட்ச்சைக் கழற்றிப் பூட்ட, சாதா வாட்ச்சை விடக் கூலி கூடுதல். கடைக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்.

1. பீரோவில் கிடந்த வாட்ச் என்றால் முதலில் நிறையச் சாவி கொடுங்கள். ஸ்பிரிங்கில் தெம்பு இல்லாவிட்டால் ஸ்டாப்வாட்ச் முள்தான் முதலில் திணறும். ஆட்டோமேட்டிக்கிலும் பெரும்பாலானவற்றுக்குக் குமிழைத் திருகிச் சாவி கொடுக்கலாம்.

2. நடுவில் இருக்கும் நீள முள் அசையவில்லை என்று பதற வேண்டாம். பல வாட்ச்களில் பட்டனை அழுத்தினால்தான் அது ஓடும். வழக்கமான நொடி சின்ன வட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

3. ஸ்டார்ட் அழுத்தியதும் முள் லேசாகத் துள்ளுகிறதா? சீகல் எஸ்டி19, ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொஃபஷனல் போன்றவற்றில் ஒரு பல்சக்கரம் பக்கவாட்டில் வந்து இன்னொன்றைக் கடிக்கும். பல்லோடு பல் சேரும்போது இந்தத் துள்ளல் வரத்தான் செய்யும். பைசா செலவு வேண்டாம்.

4. ஓடும்போதும் தடுமாறினால் செல்போனில் ஸ்லோமோஷனில் சில சுற்றுகள் வீடியோ எடுங்கள். வால்ஜோ 7750 இன்ஜினில் நொடிக்கு 8 துடிப்பு, எஸ்டி19-இல் 6 துடிப்பு சீராகத் தெரிய வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தட்டினால் பல்லில் அழுக்கு இருக்கலாம், அல்லது முள் எங்கோ உரசலாம். சுற்று முழுக்க நடுங்கினால், நடுச்சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும் மெல்லிய ஸ்பிரிங் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். 60-ஐ நெருங்கும்போது மட்டும் கொஞ்சம் இழுத்தால் விட்டுவிடுங்கள், நிமிஷ முள்ளை ஒரு படி தள்ளும் வேலை அங்கேதான் நடக்கிறது. அங்கே நின்றே போனால்தான் கோளாறு.

5. ரீசெட் செய்தால் 12-க்கு வராமல் தள்ளி நிற்கிறதா? பட்டனை அரைகுறையாகத் தொடாமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பாருங்கள். எப்போதும் அதே அளவு தள்ளி நின்றால், முள் அச்சில் நழுவியிருக்கும். எடுத்துப் பொருத்துகிற சின்ன வேலைதான். ஃபுல் சர்வீஸுக்கு உடனே தலையாட்டிவிடாதீர்கள்!

6. முள் ஓடும்போதே ரீசெட்டை அமுக்காதீர்கள். ஃப்ளைபேக் வகைக்கு மட்டும்தான் அது சரிப்படும். (குழந்தைகள் கையில் கொடுத்தால் முதலில் இதைத்தான் செய்வார்கள்.)

7. நேரமும் வேகமாக ஓடுகிறதென்றால் காந்தம் ஏறியிருக்கலாம். திசைகாட்டி அருகே கொண்டுபோனால் அதன் முள் ஆடும். ஹேண்ட்பேக் காந்தப் பட்டன், ஸ்பீக்கர் பக்கம் வாட்ச்சை வைக்காதீர்கள்.

8. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சரியாகும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது பரவினால் மொத்தத்தையும் கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும், கூலியும் அதற்கேற்பத்தான்.