படக்கதையில் இறுதிப் போர்

படக்கதைகளின் இறுதிச் சண்டையில் கதாநாயகன் வெல்வது நியதி. அவ்வெற்றி நம்பத்தக்கதோ என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது. 1948ஆம் ஆண்டு ஜெமினி ஸ்தாபனத்தார் வெளியிட்ட ‘சந்திரலேகா’வை எடுத்துக்கொள்வோம்.

அரியணையைக் கவர்ந்தவன் இளவல் சசாங்கன். அவனோடு பொருபவன் தமையன் வீரசிம்மன். முரசுகளின்மேல் நங்கையர் ஆடி முடிந்ததும், அவற்றுள் ஒளிந்திருந்த வீரர் வெளிப்பட்டு அரண்மனையில் பாய்கின்றனர். இஃது எமக்கு ஏற்புடைத்தே. சூழ்ச்சியின் முறை கண்முன் நிற்கின்றதன்றோ?

வாட்போரோ வேறு. நெடுநேரம் நிகழும் அப்போரில், சசாங்கனாக நடித்த ரஞ்சனின் வீச்சும் பாய்ச்சலும் பயின்ற கையைக் காட்டுகின்றன. வீரசிம்மனோ முன்னர் அவனால் குகையில் அடைபட்டு, சர்க்கஸ் யானைகள் பாறையை அகற்ற மீண்டவன். அவன் வாள் இப்பொழுது மேம்பட்டது எங்ஙனம் என்பது எமக்கு விளங்கவில்லை.

அறம் அவன் பக்கம் உள்ளதே என்பர். அறம் வெல்லுதல் எமக்கும் விருப்பமே, விருப்பம் காரணமாகுமோ? தாவீது கோலியாத்தை வீழ்த்திய வரலாற்றைக் கூறும் வேதாகமம், ஆடு மேய்க்குங்கால் அவன் சிங்கத்தையும் கரடியையும் கொன்ற செய்தியைப் போருக்கு முன்னரே அவன் வாய்மொழியாக வைக்கின்றது. அரசன் அளித்த கவசத்தைக் களைந்து, தன் கவணையே அவன் எடுத்துச் செல்கின்றான். வீரசிம்மனுக்கும் அத்தகைய காட்சியொன்று முற்பகுதியில் அழுத்தமாக அமைந்திருப்பின், கொட்டகையினுள் கைதட்டிய யாமே வெளிப்போந்து வழக்காடியிருக்கமாட்டோம்.