மல்லி சூடிய தலைக்கு எத்தனை சென்ட் வேண்டும்?

கேள்வி: துபாயில் வேலை பார்க்கும் அண்ணன் ஊருக்கு வரும்போதெல்லாம் அத்தரும் சென்ட்டும் வாங்கி வருவார். அலமாரி நிறைந்துவிட்டது. இரண்டு மூன்றைச் சேர்த்துப் போடுவதை ‘லேயரிங்’ என்கிறார்கள். நான் போட்டால் மதியத்துக்குள் தலைவலி வந்துவிடுகிறது. பாட்டில்களை அழகாக அடுக்கி இன்ஸ்டாகிராமில் போடவும் ஆசை. படம் எடுத்தால் கண்ணாடியில் என் கையும் போனும்தான் தெரிகின்றன. செஞ்சிக் கோட்டையில் வைத்து எடுத்தால் நன்றாக வருமா?
– வாசகி, சிங்கவரம்

பதில்: பாட்டிலைத் திறக்கும் முன்பே உங்கள் மேல் எத்தனை வாசனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். குளித்த சோப்பு, தலையில் தேங்காய் எண்ணெய், முகத்தில் பவுடர், பின்னலில் ஒரு முழம் மல்லி. ஆக, நான்கு. அதற்கு மேல் ஊத் (அகில்), ரோஜா, வனிலா என்று மூன்று ஏறினால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? மல்லியின் மணத்தில் இண்டோல் என்ற பொருள் இருக்கிறது. அந்தக் கிறக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம். பூ வைக்கும் நாளில் பூவையே ஓர் அடுக்காகக் கணக்கில் சேருங்கள். துணைக்குச் சந்தன அத்தர் ஒரு சொட்டு போதும்.

அடுக்குவது நமக்கு ஒன்றும் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் 10 துவர்ப் பொருள், 5 விரை (மணப்பொருள்), 32 ஓமாலிகை (வாசனைச் சரக்கு) ஊறிய நீரில் மாதவி குளிக்கிறாள். கூந்தலை வாசனைப் புகையில் உலர்த்துகிறாள். அதன் பிறகே கஸ்தூரிக் குழம்பு ஏறுகிறது. இத்தனை சரக்கு இருந்தும் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே விழவில்லை. ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது.

நீங்களும் அந்த வரிசையையே பிடித்துக்கொள்ளுங்கள். சந்தனம், வெட்டிவேர், ஊத் மூன்றும் கனமானவை. மெதுவாக ஆவியாகி மணிக்கணக்கில் நிற்கும். எலுமிச்சை, ஆரஞ்சு வகை சீக்கிரமே பறந்துவிடும். பூ வாசனைகள் இரண்டுக்கும் நடுவில். குளித்ததும் மணமில்லாத கிரீம் தடவினால் வாசனை கூடுதல் நேரம் தங்கும். பிறகு கனமான அத்தர் ஒரு சொட்டு. பத்து நிமிடம் பொறுத்து, லேசான ஸ்ப்ரே ஒரே ஒரு முறை. மணிக்கட்டுகளைத் தேய்க்க வேண்டாம், தானாகக் காயட்டும்.

அத்தர் வாங்கும்போது அடியில் என்ன எண்ணெய் என்று கேளுங்கள். உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜில் பழைய முறைப்படி செப்புப் பானையில் பூவைக் காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். அப்படிப்பட்ட ரோஜா அத்தர் ஏற்கெனவே இரண்டு அடுக்கு; அதன் மேல் இன்னொரு சந்தனம் வீண். மலிவான சரக்கில் சந்தனத்துக்குப் பதில் லிக்விட் பாரஃபின் இருக்கலாம்.

ஜோடி தேடுகிறீர்களா? ரோஜாவும் ஊத்தும் அரபு நாடுகளில் காலங்காலமாகப் பழகியவை. நம் வெயிலுக்கு வெட்டிவேரும் எலுமிச்சையும் பொருந்தும். எதுவானாலும் முதலில் இரண்டு காகிதத் துண்டுகளில் தனித்தனியாக நனைத்து, சேர்த்துப் பிடித்து முகருங்கள். அரை மணி கழித்து மறுபடியும் முகருங்கள். அப்போதும் பிடித்தால்தான் உடம்புக்கு. புது அத்தரை முழங்கையின் உட்புறம் ஒரு துளி வைத்து ஒரு நாள் பார்த்துவிடுவது நல்லது. பட்டுப்புடவையில் நேராகப் போட்டால் கறை விழும். சின்னப் பஞ்சில் நனைத்துக் காது மடலில் செருகிக்கொள்வது அத்தர் போடுகிறவர்களின் பழைய வழக்கம். கறைக்குப் பயமில்லை.

இனி படம். கண்ணாடிக்கு முன்னாலிருந்து வெளிச்சம் கொடுத்தால் எதிரில் இருப்பதெல்லாம் அதில் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டிலோ பின்னாலோ வரவேண்டும். நேர்வெயில் விழாத ஜன்னலில் வெள்ளை வேட்டியைத் தொங்கவிடுங்கள். பாட்டிலுக்கு இரு பக்கமும், படத்தில் விழாத தூரத்தில், கறுப்புச் சார்ட் அட்டை நிறுத்தினால் கண்ணாடியின் ஓரங்கள் கோடு போட்டதுபோல் எடுபடும். பாட்டிலுக்குப் பின்னால், அதைவிடச் சிறிதாக வெட்டிய வெள்ளைக் காகிதம் ஒன்றை மறைத்து வையுங்கள். அத்தரின் தேன் நிறம் உள்ளிருந்து ஒளிரும். இரண்டடி பின்னால் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள். பாட்டில் கோணாது, போனின் நிழலும் விழாது. திரையில் பாட்டிலைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றே குறையுங்கள். அதற்கெல்லாம் முன்னால் விரல்ரேகையைத் துடைத்துவிடுங்கள்.

அலமாரியையே காட்டாதீர்கள். மரம், பூ, பழம் என்று வாசனை வகைப்படி பிரித்து, ஒரு படத்துக்கு மூன்று அல்லது ஐந்து பாட்டில். உயரம் ஏறி இறங்கட்டும். பக்கத்தில் வெட்டிவேர்க் கட்டோ சந்தனக் கட்டையோ வைத்தால், உள்ளே இருப்பது என்ன என்று பார்ப்பவருக்குப் புரியும்.

கோட்டை வேண்டாம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம் அது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. முக்காலி வைத்து எடுக்க முன் அனுமதி வேண்டும். அதைவிட, வெயிலில் கொதிக்கும் பாறை வாசனைக்கு எமன். வெளிச்சமும் சூடும் சேர்ந்தால் போட்டதும் எழும் மேல்வாசனைதான் முதலில் கெடும். பின்னணிக்குக் கல்தான் வேண்டுமென்றால் வீட்டு அம்மிக்கல் போதும். படம் முடிந்ததும் பாட்டில்கள் அட்டைப்பெட்டிக்குள், இருட்டான அலமாரிக்குப் போகட்டும். சாமி விளக்குப் பக்கம் ஸ்ப்ரேயை வைக்கவே கூடாது. அதில் இருப்பது பெரும்பாலும் ஆல்கஹால்.

சுருக்கமாகச் சொன்னால், உடம்புக்கு இரண்டு, படத்துக்கு ஐந்து. அதற்குப் பிறகும் தலைவலி நீடித்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.