பழைய எம்பிலாபை விட்டுவிடலாமா?

கேள்வி: பம்ப்செட்டுக்கான ஸ்டார்-டெல்டா கன்ட்ரோல் பேனல் செய்கிறோம். உள்ளே இருப்பது பிக் 16எஃப்877ஏ மைக்ரோகன்ட்ரோலர். புரோகிராம் ஹைடெக் சி-யில் எழுதியது. எம்பிலாப் 8 உள்ள ஒரே ஒரு எக்ஸ்பி கம்ப்யூட்டரில்தான் கம்பைல் ஆகிறது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்த பையன், எல்லாவற்றையும் எம்பிலாப் எக்ஸுக்கு மாற்றிவிடலாம் என்கிறான். மாற்றட்டுமா?
- வாசகர், கோவை

பதில்: ஓடிக்கொண்டிருக்கும் பேனலுக்கு வேண்டாம்.

பையன் சொல்வதிலும் நியாயம் உண்டு. எம்பிலாப் 8 வரிசை 8.92-ஓடு நின்றுவிட்டது. ஹைடெக்கை, பிக் செய்யும் மைக்ரோசிப் 2009-லேயே வாங்கிவிட்டது. அதன் இடத்தில் இப்போது இருப்பது எக்ஸ்சி8 கம்பைலர். ஆனால் கம்பைல் செய்வது வேறு, சிப்பில் ஏற்றுவது வேறு. கையில் இருக்கும் ஹெக்ஸ் ஃபைலைப் புது கம்ப்யூட்டரில் எம்பிலாப் ஐபிஇ மென்பொருளும் பிக்கிட் 4 புரோகிராமரும் வைத்து அப்படியே ஏற்றலாம். புரோகிராமில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டியதில்லை.

அவசரமான வேலை வேறொன்று இருக்கிறது. அந்த எக்ஸ்பி கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே, எதையும் மாற்றாமல் ஒருமுறை கம்பைல் செய்யுங்கள். வரும் ஹெக்ஸையும் புரொடக்ஷனுக்குப் போகும் ஹெக்ஸையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களிடம் எல்லாம் இருக்கிறது. இல்லையென்றால் யாரோ எங்கோ கை வைத்திருக்கிறார்கள். முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். சிப்பிலிருந்தே படித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். கோட் புரொடக்ட் போட்டிருந்தால் வருவது வெறும் பூஜ்யம்தான்.

பிறகு ஹார்ட் டிஸ்க்கை முழுசாக இமேஜ் எடுத்து விர்ச்சுவல் மெஷினில் போட்டு வையுங்கள். ஹைடெக் சி காசு கொடுத்து வாங்கியதா என்றும் பாருங்கள். லைசென்ஸ் போய் லைட் மோடுக்கு இறங்கினால் கோட் ஊதிப்போகும், 8 கே-க்குள் அடங்காமலும் போகலாம்.

சோர்ஸ் ஃபைலை மட்டும் காப்பி செய்கிறவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் கான்ஃபிகரேஷன் பிட். எம்பிலாப் 8-இல் இதைக் கோடில் எழுதாமல், தனி விண்டோவில் டிக் அடித்தும் வைக்கலாம். அப்படி வைத்திருந்தால் சோர்ஸில் அது இருக்காது. புது இடத்தில் கம்பைல் செய்து ஏற்றினால் சிப் அழித்த நிலையில் உள்ள அமைப்புக்கே போய்விடும்: ஆசிலேட்டர் ஆர்சி மோடில், வாட்ச்டாக் ஆனில், ஆர்பி3 பின் குறைந்த வோல்டேஜ் புரோகிராமிங்குக்கு (எல்விபி). கிரிஸ்டல் போட்ட போர்டு செத்ததுபோல் கிடக்கும்; நீங்கள் ரெகுலேட்டரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

எக்ஸ்சி8-க்கு மாற்றியே ஆக வேண்டும் என்றால் சி90 மோடில் தொடங்குங்கள். எழுதும் முறையில் ஒத்துவராதவற்றைக் கம்பைலரே எரர் காட்டிச் சொல்லிவிடும். சொல்லாமல் கெடுப்பது டிலே. வெறும் ஃபார் லூப்பில் எண்ணும் டிலே கம்பைலர் மாறினால் நீளும், சுருங்கும். உங்கள் பேனலில் அது ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாறும் இடைவெளியாக இருந்து, அது சுருங்கினால் கான்டாக்டர் வெடிக்கலாம். மோட்டாரை இணைக்காமல், ரிலே பின்னில் ஸ்கோப் வைத்துப் பழையதையும் புதியதையும் அளந்து பார்த்த பிறகே ஏற்றுங்கள்.

அடுத்து வடிவமைக்கும் போர்டைப் பையனிடமே கொடுங்கள், எம்பிலாப் எக்ஸிலேயே செய்யட்டும். பிக்கிட் 3 வைத்திருந்தால் 6.20-க்கு மேல் போக வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.