கணக்கில் வராத மூணு காய்ச்சல்

போன நவம்பர்ல எங்க ஹாஸ்டல்ல ஒரே வாரத்துல நாலு பேருக்குக் காய்ச்சல். மூணு பேர் மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கிப் போட்டுட்டு, போர்வையை இழுத்துப் படுத்துட்டாங்க. நாலாவது பையனுக்கு வாந்தி நிக்கல, அதனால ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். டெங்கு. அஞ்சு நாள் அட்மிட். அவன் ஒருத்தன்தான் கணக்குல ஏறினான். மத்த மூணு பேருக்கு வந்தது என்னன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இந்தப் பாடம் அந்த மூணு பேரைப் பத்திதான்.

கணக்கு எப்படி ஏறுது?

நம்ம நாட்டில் 2004-ல் ஒருங்கிணைந்த நோய் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. அதில் மூன்று படிவங்கள். சுகாதாரப் பணியாளர் அறிகுறியை மட்டும் பார்த்து எழுதுவது ‘எஸ்’. டாக்டர் பரிசோதித்து “இதுவா இருக்கலாம்” என்று எழுதுவது ‘பி’. லேப் உறுதி செய்தது ‘எல்’. இப்போது இதெல்லாம் ஆன்லைனில் பதிவாகிறது. ஒரு ஊரில் வழக்கத்தைவிட காய்ச்சல் கூடினால், அங்கே ஆள் அனுப்புவார்கள்.

நம்ம பாஷையில சொன்னா, ஒவ்வொரு நோயாளியும் ஒரு சென்சார். சென்சார் சிக்னலே அனுப்பலைன்னா கிராஃப் தட்டையாத்தான் இருக்கும். அதைப் பார்த்து “இங்க பிரச்சினை இல்லை”ன்னு நினைச்சிடுவாங்க.

கொசுவையும் எண்ணலாம்

காய்ச்சல் வரும் முன்னாடியே எச்சரிக்கை வேணும்னா புழுவை எண்ணணும். ஒரு தெருவில் 50 வீடுகளைப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் நிற்கும் பாத்திரங்கள் 120. ஏடிஸ் கொசுப்புழு இருந்தது 5 வீடுகளில், மொத்தம் 9 பாத்திரங்களில்.

வீட்டுக் குறியீடு: 5 ÷ 50 × 100 = 10
பாத்திரக் குறியீடு: 9 ÷ 120 × 100 = 7.5
பிரெட்டோ குறியீடு, அதாவது 100 வீட்டுக்கு எத்தனை புழுப் பாத்திரம்: 9 ÷ 50 × 100 = 18

மூன்றாவதுதான் ரொம்ப உதவும், ஏன்னா அதுல வீடும் பாத்திரமும் சேர்ந்தே வருது.

எங்கே தேடணும்?

செங்கல்பட்டு ஏரிகள் நிறைந்த மாவட்டம். ஆனா டெங்குவுக்குக் கொளவாய் ஏரியைக் குறை சொல்லாதீங்க. ஏடிஸ் முட்டையிடுவது வீட்டைச் சுற்றித் தேங்கும் சின்னச் சின்ன தண்ணீரில். மாமல்லபுரம் பக்கம் போனால் பாதி செதுக்கிய கல்லின் குழி, கரையில் ஏற்றி வைத்த படகு, இளநீர்க் கடைக்குப் பின்னால் குவிந்த கூடு எல்லாவற்றையும் பார்க்கணும். ஹாஸ்டல்ல பழைய பக்கெட், மொட்டை மாடி டேங்க், ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கிற தட்டு.

முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். அதனாலதான் வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவச் சொல்றாங்க. தேய்க்கறது முக்கியம்: சுவரில் ஒட்டிய முட்டை தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் தாங்கும். புகை அடிச்சா பறக்கிற கொசு மட்டும்தான் சாகும்.

நீங்க செய்ய வேண்டியது

வடகிழக்குப் பருவமழை சமயத்தில் காய்ச்சல் வந்தால் அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்க. முதல் 5 நாளுக்குள் என்.எஸ்.1 டெஸ்ட், அதுக்கு அப்புறம் ஐ.ஜி.எம். டெஸ்ட். டாக்டர் சொல்லாம ஆஸ்பிரின், இபுபுரூஃபென் வேண்டாம், ரத்தக்கசிவு ஆபத்து அதிகமாகும். முக்கியமா, காய்ச்சல் இறங்கினதும் நிம்மதியாகிடாதீங்க. டெங்குவில் ஆபத்து தொடங்குவதே பெரும்பாலும் அப்போதுதான். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், இதில் ஒன்று வந்தாலும் உடனே ஓடணும்.

ஏடிஸ் அதிக தூரம் பறக்காது. உங்களைக் கடிச்ச கொசு அடுத்து கடிக்கப் போறது பெரும்பாலும் பக்கத்து ரூம் பையனை. நீங்க டெஸ்ட் எடுத்தா உங்க பேர் கணக்குல ஏறும், உங்க பிளாக்குக்கு ஆள் வருவாங்க, அவன் தப்பிச்சிடுவான்.

அந்த மூணு பேர்ல ஒருத்தன் நான்.